காலை ஐந்தேகாலுக்கு உன் மகளிடம் கேட்கப்படும் கேள்வி

எல்லா இடத்துக்கும் பிந்தி வந்து, ஓரிடத்துக்கு மட்டும் முந்திப் போய்விட்ட என் மச்சான் தவத்துக்கு,

உன் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. வசந்தி சாப்பிடுகிறாள். அதாவது, கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாள். நான் பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் என் தங்கையை நம்புகிறேன். உன் தம்பி உன் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, ஒருமுறை பஸ் நிலையம்வரை ஓடிப் பார்த்துவிட்டு, கனடாவுக்குத் திரும்பிவிட்டான். விடியற்காலையில் மான்கள் வந்து உன் வேலியோரச் செவ்வரத்தையைத் தின்றுவிட்டுப் போகின்றன. அதட்ட ஆள் இல்லை என்பது அவற்றுக்கும் தெரிந்துவிட்டது.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு காரியம் இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது சொல்வதற்கு எத்தனையோ பின்னேரங்கள் கிடைத்தன. உன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாததை இப்போது ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லப் போகிறேன். கோழைகள் பத்திரிகையில் எழுதுவது இதற்காகத்தான் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

உன் மகள் தர்சினியின் கைத்தொலைபேசியில் இருந்த அந்தச் செயலி உனக்கு நினைவிருக்கும். வேலையில்லாத இளையோருக்கு நல்ல பழக்கங்களைப் பழக்குவதற்காக திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து வடிவமைத்தார்களே, 'படிக்கட்டு' என்று பெயர் வைத்து, அது. காலை ஐந்தேகாலுக்கு அது கேட்கும்: "எழுந்துவிட்டீர்களா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஓம், இல்லை. ஓம் என்றால் ஒரு படி ஏற்றம். பகலில் வாசித்தீர்களா, விண்ணப்பம் எழுதினீர்களா என்று வேறு கேள்விகளும் உண்டு. ஆனால் படிக்கணக்கு காலைக் கேள்வியில்தான். ஒருநாள் இல்லை என்று அமத்தினால் அடிப்படிக்குச் சறுக்கிவிடும். முப்பது நாள் ஏறியவனும் மூன்று நாள் ஏறியவனும் விழுகிற இடம் ஒன்றுதான். அந்த அளவில் அதைச் சமத்துவமான செயலி என்றே சொல்ல வேண்டும்.

உனக்கு முதல் நாளே சந்தேகம்.

"எங்கட பிள்ளை எத்தினை மணிக்கு எழும்புறாள் எண்டு உவைக்கு என்னத்துக்கு?" என்று கேட்டாய்.

"ஒரு ஒழுங்குக்குத்தான், மச்சான்."

"வேலை இல்லாததாலதான் நாங்கள் அந்தக் காலம் பிந்தி எழும்பினனாங்கள். பிந்தி எழும்பினதாலதான் வேலை கிடைக்கேல்ல எண்டு இப்பதான் கேள்விப்படுறன்."

சொன்னவன் ஈச்சிலம்பற்றுக் கந்தோருக்கு இருபது வருடம் விடியற்காலை பஸ் பிடித்தவன். அந்த இருபது வருடத்துக்கும் உன்னை ஒருவரும் ஒரு படிகூட ஏற்றிவிடவில்லை.

பிறகு அந்தப் பின்னேரம். தர்சினிக்கு முதல்நாள் காய்ச்சல். பிந்தித்தான் எழும்பினாள், உள்ளதைச் சொல்லி இல்லை என்று அமத்தினாள், அடிப்படிக்கு வந்துவிட்டாள். குசினிக்குள் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நீ கண்ணாடியைப் போட்டு, அவளுக்கு வந்த செய்தியைக் கோயிலில் தேவாரம் படிக்கிற குரலில் படித்தாய்: "இன்று நீங்கள் எழவில்லை. எழாதவருக்காக எந்த நாளும் காத்திருப்பதில்லை."

படித்துவிட்டு என்னைப் பார்த்தாய். "உதை எந்தப் பேயன் எழுதினது?"

நான் கோப்பையைப் பார்த்தேன். "கொழும்பில ஆரோ எழுதியிருப்பினம்."

எழுதினவன் நான்தான், மச்சான்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் திட்டத்தின் இணைப்பாளரை எல்லாரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனுசி, சிரித்த முகம். அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்கட கட்டுரையள் வாசிக்கிறனான் ஐயா. நல்ல குத்தல். பிள்ளையளுக்கு அப்பிடித்தான் சொல்ல வேணும்" என்றார். பாராட்டப் பதினைந்து வசனம், கண்டிக்கப் பதினைந்து வசனம் கேட்டார். பாராட்டு வசனங்களுக்கு எனக்கு ஒரு கிழமை தேவைப்பட்டது. கண்டிக்கும் வசனங்கள் ஒரு பிளேன்ரீ முடிவதற்குள் வந்து விழுந்தன. இதிலிருந்து என்னைப் பற்றி நீ என்ன முடிவுக்கு வருவாயோ அதற்கு நானும் வந்துவிட்டேன்.

பகிடியாக எடுப்பார்கள் என்று நினைத்தேன். வேலையில்லாத ஒருவருக்கு அனுப்பப்படும் எதையும் அவர் பகிடியாக எடுப்பதில்லை என்பதை நான் எப்படி மறந்தேன்? நீயும் நானும் இரண்டு வருடம் அப்படி இருந்தவர்கள்தானே?

மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு எதிரே தறப்பாள் கொட்டில் போட்டு, வேலையற்ற பட்டதாரிகள் என்று நியமனம் கேட்டு நாங்கள் உட்கார்ந்திருந்த காலத்தை இதை வாசிக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நியமனம் வந்தால் கொட்டிலுக்கு ஒழுங்காக வந்தவர்களுக்குத்தான் முதலில் என்று ஒரு கதை பரவியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. உன்மேல் எனக்கு இன்றும் சந்தேகம். அடுத்தநாளே நீ ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியோடு வந்து வரவு எடுக்கத் தொடங்கினாய். எல்லாரிலும் பிந்தி வருகிறவன் வரவுக் கொப்பிக்குப் பொறுப்பு.

அரச கந்தோர்களில் நேரம் தாண்டியதும் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுப்பார்கள். பிந்தி வந்தவர் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட வேண்டும். அந்த வெட்கத்தில் திருந்துவார் என்று நம்பிக்கை. உன் கொப்பியில் சிவப்புக் கோடு கிடையாது. "வந்தவன் வந்தவன்தான்" என்றாய். கோடு போட்டால் முதலில் கீழே போகிற பெயர் உன்னுடையது என்று நாங்கள் சிரித்தோம்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாய். செத்த வீட்டுக்குப் போனவனை நீ வராதவனாகப் போடவில்லை. அந்த வருடங்களில் செத்த வீடுகளுக்குக் குறைவில்லை. பெயருக்கு எதிரே சின்ன எழுத்தில் எழுதுவாய்: 'செத்த வீடு. வந்ததுக்குச் சமம்.' ஆருடைய செத்த வீடு, என்ன முறை என்று ஒருவரிடமும் நீ கேட்டதில்லை.

இனி நீ அறியாத பகுதி.

'படிக்கட்டு' வெறும் பழக்கம் பழக்குவதற்கு அல்ல என்பது பிறகுதான் வெளியே வந்தது. துறைமுகப் பக்கம் சரக்குக் களஞ்சியம் நடத்தும் ஒரு நிறுவனம் பயிலுநர்களை எடுக்கப் போகிறது; நாற்பது படி ஏறியவர்களை மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிடும். நீ தேடிய பதில் இதுதான், மச்சான். எங்கட பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புகிறாள் என்று உவைக்கு ஏன் என்றால், இதற்கு. காய்ச்சலுக்குப் பிறகு தர்சினி திரும்பவும் அடியிலிருந்து ஏறி முப்பத்துநாலாம் படியில் நின்றாள். கந்தோருக்குப் போகிற வழியில், பஸ்ஸுக்குள்ளேயே, உனக்கு நெஞ்சு நோ வந்தது அன்றைக்குத்தான்.

உன் தம்பி வந்து சேரும்வரை மூன்று நாள் உன்னை வீட்டில் வைத்திருந்தோம். அடுப்பு மூட்டவில்லை, அயலவர்கள் தேத்தண்ணியும் பாணும் கொண்டுவந்தார்கள். தர்சினி உன் தலைமாட்டை விட்டு அசையவில்லை. முதலாம் நாள் விடியப்புறம் அவள் மடியில் கிடந்த தொலைபேசி மணியடித்தது. அவள் எதையோ அமத்தினாள். கொஞ்ச நேரத்தில் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இதைப் பாருங்கோ. எந்த விசரன் இதை எழுதினவனோ?"

எந்த வசனம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பதினைந்தில் அதுவேதான் வந்தது. அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். எழாதவருக்காக எந்த நாளும் காத்திருப்பதில்லை. பக்கத்தில் இருந்த வசந்தி அதைக் கேட்டு, உன்னைப் பற்றி யாரோ பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, இன்னும் பெரிதாகக் குழறினாள். நான் முற்றத்துக்குப் போய்க் கதிரைகளை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்தநாள் ஓர்ஸ் ஹில்லுக்குப் போனேன். மிஸ் இருந்தார், செயலியைக் கட்டிய றிஸ்வி இருந்தான். கிண்ணியாப் பெடியன், கெட்டிக்காரன். செத்த வீட்டு நாட்களை வராத நாளாக எடுக்கக்கூடாது என்று சொன்னேன்.

"சரி ஐயா, துக்கத்துக்கு ஒரு பொத்தான் வைக்கலாம்," என்றார் மிஸ். "ஆனா ஆக்கள் அதைப் பிழையாப் பாவிப்பினமே. கிழமைக்கு ஒரு செத்த வீடு எண்டு போடுவினம்."

"மிஸ், இந்த ஊரில கிழமைக்கு ஒண்டு இரிக்கும்தானே," என்றான் றிஸ்வி. "எங்கட பக்கத்து மவுத்து வீட்டையும் சேத்தா ரெண்டு வரும்."

"எத்தினை நாள் குடுப்பம்?"

"எங்களுக்கு முப்பத்தொண்டு," என்றேன்.

"எங்களுக்கு மூணு," என்றான் றிஸ்வி. "புருசன் மவுத்தான பொம்பிளைக்கு நாலு மாசம் பத்து நாள்."

மிஸ் குறிப்பெடுத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "அப்ப ஒரு சராசரி எடுப்பம்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை என்று தெரிந்தபோது எனக்குப் பயம் வந்தது.

அடுத்து, யார் இறந்தால் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். தாய், தகப்பன், சகோதரம். அயலவர் எங்கே என்று கேட்டேன். ஒரே பஸ்ஸில் வந்துபோனவர்? உன் செத்த வீட்டுக்கு ஈச்சிலம்பற்று பஸ்ஸின் சாரதி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனார். அவருக்கு எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது?

கூட்டம் முடிய றிஸ்வி தன் கணினியில் ஒரு வரைபடம் காட்டினான். தர்சினியைத் தவிர மற்ற எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் தவறாமல் ஐந்தேகாலுக்கு எழும்பியிருந்தார்கள். அடிமட்டம் வைத்துக் கீறினமாதிரி நேர்கோடு. திருகோணமலையில் இவ்வளவு பேர் அந்த நேரத்துக்கு எழும்பினால் மான்களுக்கு நடக்க ரோட்டில் இடம் இருக்காதே என்றேன்.

றிஸ்வி குரலைத் தாழ்த்தினான். "சேர், ஓம் எண்டு அமத்திட்டுத் திரும்பப் படுக்கிற. இதைக் கட்டின நானே அப்பிடித்தான். சுபஹு தொழுதிட்டுப் படுத்தா எட்டு மணி. ஆப்புக்கு அது தெரியா."

ஆக, ஒரு நகரத்தின் இளையோருக்கு ஒரு நல்ல பழக்கத்தைச் செயலி உண்மையிலேயே பழக்கியிருந்தது. கண்ணைத் திறக்காமல் பொய் சொல்லும் பழக்கம்.

புறப்படும்போது மிஸ் என்னைப் படியில் நிறுத்தினார். "உங்கட மருமகள் எண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே ஐயா? அந்த நாளுகளை நாங்கள் எழும்பினதெண்டு மாத்தி விடுறம். ஆருக்கும் தெரிய வராது." நான் ஓம் என்றேன். யோசிக்காமல், உடனே, நன்றியும் சொல்லி, ஓம் என்றேன். செல்வாக்கைப் பற்றி நான் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எனக்குச் செல்வாக்கு இல்லாததால் எழுதியவை அவை என்பது அந்தப் படியில் நின்றபோது தெரிந்தது.

நல்ல செய்தி என்று தர்சினியிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"எழும்பினதெண்டு போடுவினமோ?"

"ஓம் பிள்ளை. எல்லாப் படியும் திரும்ப வந்திடும்."

"நான் எழும்பேல்லையே, மாமா."

"மற்றப் பிள்ளையள் மாதிரி நீயும் அண்டைக்கு ஓம் எண்டு அமத்தியிருந்தா இந்தக் கரைச்சலே இல்லை. ஏன் பிள்ளை இல்லை எண்டு அமத்தினனி?"

அவள் என்னை ஏதோ விளங்காத சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நித்திரை கொண்டால்தானே மாமா எழும்புறது?"

மூன்று நாளும் உன் தலைமாட்டில் கண் மூடாமல் இருந்தவள், ஒவ்வொரு விடியலும் அந்தக் கேள்விக்கு யோசித்துச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். அந்த வரைபடத்தில் ஒரே ஒரு உண்மை இருந்தது. அதற்குத்தான் நான் கண்டன வசனம் அனுப்பியிருந்தேன்.

"ஓம், இல்லை. ரெண்டுதான் இருக்கு. மூண்டாவது ஏன் மாமா இல்லை?" என்று கேட்டுவிட்டு, அலுமாரியைத் திறந்து உன் சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். நீ அதை இவ்வளவு காலம் வைத்திருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது. எதற்கு வைத்திருந்தாய்? எங்களில் ஒருவர் பின்னாளில் ஏமாற்றினால் எடுத்துக் காட்டவோ?

கொப்பியோடு திரும்பவும் ஓர்ஸ் ஹில்லுக்குப் போனேன். என் மருமகளுக்கென்று எதையும் மாற்ற வேண்டாம், மாற்றினால் எல்லாருக்கும் மாற்றுங்கள் என்று சொன்னேன். மிஸ்ஸுக்கு அது பிடிக்கவில்லை; செய்த உதவியைத் திருப்பிக் கொடுக்கிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் றிஸ்வி கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். 'வந்ததுக்குச் சமம்' என்ற இடத்தில் விரலை வைத்து, "சேர், இதைச் செய்ய எனக்கு ஒரு மணித்தியாலம் போதும்" என்றான். அன்று பின்னேரம் மூன்றாவது பொத்தான் வந்தது. அதில் இருப்பது உன் சொற்கள்தான், மச்சான். செத்த வீடு. எத்தனை நாள் என்று கேட்காது; என்ன முறை என்று கேட்காது. பழைய நாட்களுக்கும் போட்டுக்கொள்ளலாம். தர்சினி போட்டாள். அவளைப்போல இன்னும் சிலரும் போட்டார்கள். அவர்கள் செத்த வீட்டில் இருந்துகொண்டுதான் ஓம் என்று அமத்தியிருந்தார்கள் என்பது அதுவரை எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து மிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு பெயரைக் காட்டினார். "பார்த்தீங்களோ ஐயா? இந்தப் பெடியனுக்குப் பத்து நாளுக்குள்ள மூண்டு செத்த வீடு." நான் கொப்பியை விரித்தேன். கொட்டிலில் எங்களோடு இருந்த ஒருவனுக்கு ஒரே மாதத்தில் மூன்று பெரியப்பாமார் செத்துப்போனார்கள், நினைவிருக்கிறதா? மூன்று முறையும் 'வந்ததுக்குச் சமம்' என்றே எழுதியிருக்கிறாய். மூன்றாவதற்குக் கீழே மட்டும் ஒரு வரி: 'இவனுக்குப் பெரியப்பாமார் முடிந்தது.' மிஸ் அன்றைக்குத்தான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

வெற்றி என்று நினைக்கிறாயா? எனக்கு அதிலும் சந்தேகம். முன்பு அந்தச் செயலிக்கு எங்கள் நித்திரை மட்டும்தான் தெரியும். இப்போது எந்த வீட்டில் எப்போது ஆள் செத்தது என்பதையும் நான்தான் தெரியப்படுத்தியிருக்கிறேன். அந்தப் பொத்தானை அமத்திய நாட்களை வெறும் வந்த நாளாகவே நிறுவனத்துக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். யோசிப்பதாக மிஸ் சொல்கிறார். யோசிக்கிறார் என்று நம்பத்தான் வேண்டும். பானையைத் திறந்து பார்க்க அங்கே வழியில்லை.

தர்சினி நாற்பதாம் படியைத் தாண்டினாள். புதன்கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முப்பத்தொன்று முடிந்து ஆட்கள் போனபிறகு, அவளிடம் சொல்லிவிட்டேன். குசினிக்குள் அவள் சோறு சமைத்த கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தர்சி, அந்த எழாதவருக்காக எண்ட வசனம்..."

"நீங்கள் எழுதினது. தெரியும், மாமா."

"என்னண்டு?"

"'எந்த நாளும் காத்திருப்பதில்லை' எண்டு வேற ஆர் மாமா எழுதப்போகினம்? செத்த வீட்டில எனக்கு அது உறைக்கேல்ல. பிறகுதான் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது."

"அப்பா என்ன சொன்னவர்?"

அவள் கிடாரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "'உது உன்ர மாமன்ர வேலைதான். நீ வாயைத் திறக்காதை. அவனாச் சொல்லட்டும்' எண்டவர்."

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு உன் குசினியில் நான் எத்தனை தேத்தண்ணி குடித்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் நீ கேட்பாய்: "வேறென்ன மச்சான் விசேஷம்?" ஒன்றுமில்லை என்பேன். சும்மா கேட்கிறாய் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் நீ கொப்பியை என் பக்கம் தள்ளியிருக்கிறாய். நான் ஒப்பமிடாமல் எழும்பிப் போயிருக்கிறேன். என்னை ஒரு நாளாவது உலுக்கிக் கேட்டிருக்கக்கூடாதா? அல்லது அதுவும் நீ வைத்திருந்த சட்டங்களில் ஒன்றா?

என் கண்டன வசனங்களில் பதின்மூன்றை அழிப்பித்துவிட்டேன். மிச்சம் இரண்டும் திங்கட்கிழமை போய்விடும். புதன்கிழமை தர்சினி தனியாகப் போவாள்; அவளுக்காக நான் ஒருவரிடமும் கதைக்க மாட்டேன், அந்த வாசல் பக்கமும் போகமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கொப்பியில் கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் இன்று என் பெயரை எழுதி ஒப்பமிட்டேன். நல்லாகப் பிந்திவிட்டேன்தான். கோடு போடாதே.

உன் பெண்சாதியின் தமையன், உன் மச்சான்,
உதை எழுதின பேயன்.